நலம் தெரிந்த பின்னும் தொடர வேண்டிய மருந்து

காசநோய்க்கு மருந்து உண்ணத் தொடங்கியவருக்கு முதல் சில வாரங்களிலேயே மாற்றம் தெரியும். மாலைக் காய்ச்சல் தணியும், இரவு வியர்வை நிற்கும், பசி திரும்பும், இருமல் குறையும். இரண்டாம் மாத முடிவில் எடை கூடி, முகம் தெளிந்து, வேலைக்குப் போகலாம் என்ற துணிவும் வந்துவிடும். மருத்துவர்கள் மிகவும் கவலையுடன் நோக்கும் காலம் அதுவே. நோயாளியை நாள்தோறும் மருந்தின் பக்கம் செலுத்திய துன்பம் மறைந்துவிட்டது. ஆனால், இன்னும் நான்கு மாத மருந்து எஞ்சியிருக்கிறது.

"நான்தான் நன்றாக இருக்கிறேனே, இன்னும் எதற்கு மாத்திரை?" என்று அப்போது ஒரு வினா எழுகிறது. இவ்வினா காசநோயாளிகளுக்கு மட்டும் உரியதன்று. இரத்த அழுத்தத்திற்கு மருந்து உண்பவரும், நீரிழிவுக்கு உணவை மாற்றிக்கொண்டவரும், பக்கவாதத்திற்குப் பின் கைக்குப் பயிற்சி செய்பவரும், மூட்டு மாற்று அறுவைக்குப் பின் நடை பழகுபவரும் என்றேனும் ஒருநாள் இதைக் கேட்கிறார்கள். உடல் தேறும் வேகம் ஒன்று. மருத்துவம் முடிவதற்கு வேண்டிய காலம் வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீண்ட வெளியைக் கடப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஏன் இத்தனை மாதங்கள்?

காரணம் புரிந்த செயலைத் தொடர்வது எளிது. ஆகவே, முதலில் காசநோயையே எடுத்துக்கொள்வோம்.

பொதுவாகக் கிருமிகள் பலவும் அரைமணி நேரத்திற்குள் ஒன்று இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமி அவ்வாறு பெருக ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. சில கிருமிகள் பெருகாமலே நெடுநாள் உறங்கிக் கிடக்கும். மருந்துகள் பெருகிக்கொண்டிருக்கும் கிருமிகளை விரைவில் கொல்கின்றன. உறங்கும் கிருமிகளை ஒழிக்க நெடுங்காலம் வேண்டியிருக்கிறது. முதல் வாரங்களில் மாண்டுபோவன பெருகும் கிருமிகள். எண்ணிக்கையில் மிகுதியானவை அவையே என்பதால் இருமலும் காய்ச்சலும் அடங்குகின்றன. எஞ்சியிருப்பவை சில, ஆனால் மீண்டும் நோயைக் கிளப்புவதற்கு அச்சில போதும்.

மருந்துக்குக் கட்டுப்படும் நுரையீரல் காசநோய்க்கு நம் நாட்டில் தரப்படும் மருத்துவம் இதற்கேற்பவே வகுக்கப்பட்டுள்ளது. முதல் 2 மாதங்கள் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என்னும் நான்கு மருந்துகள். அடுத்த 4 மாதங்கள் பைரசினமைடு தவிர்த்த மூன்று மருந்துகள். உடல் எடைக்கு ஏற்ற எண்ணிக்கையில் இவை கூட்டு மாத்திரையாக நாள்தோறும் தரப்படுகின்றன. எலும்பு, மூளை ஆகிய இடங்களில் நோய் இருப்பின் காலம் இன்னும் நீளும்.

இடையில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும் என்பது ஒரு தீங்கு. விட்டுவிட்டு உண்பதால் நேர்வது அதனினும் பெரிய தீங்கு. மருந்தின் வலு குறைந்த நாள்களில், அம்மருந்தைத் தாங்கும் ஆற்றல் பெற்ற கிருமிகள் பிழைத்துப் பெருகுகின்றன. அதன்பின் அதே மாத்திரை பயன் தராது. வேறு மருந்துகள் வேண்டும். அவற்றின் பக்க விளைவுகளும் மிகுதி, கண்காணிப்பும் மிகுதி. அவர் இருமும்போது வீட்டிலுள்ள பிறருக்குப் பரவுவதும் மருந்துக்குக் கட்டுப்படாத அந்தக் கிருமியே.

இரத்த அழுத்தத்தின் கதை சற்று வேறு. பெரும்பாலும் அது எந்த வலியையும் தருவதில்லை. மாத்திரை உண்பதால் புதிதாக ஒரு சுகமும் தோன்றுவதில்லை. இதயம், மூளை, சிறுநீரகம் ஆகியவற்றுக்கு நேரவிருந்த கேடு நேராமல் போவதே அதன் பயன். நேராமல் போன ஒன்றைக் கண்ணால் காண இயலாது. கண்ணுக்குத் தெரியாத பயனுக்காக நாள்தோறும் ஒரு செயலைச் செய்வது மனித மனத்திற்குக் கடினமானது. ஆகவே, மருந்தை விட்டுவிட்டவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று எளிதில் பழித்துவிடக் கூடாது.

சென்னையில் நடந்த ஓர் ஆய்வு

நீண்ட நாள் மருத்துவத்தை மக்கள் எவ்வாறு கடைப்பிடிக்கிறார்கள் என்பது பற்றி உலகம் கற்ற பாடங்களுள் முதன்மையான ஒன்று நம் சென்னையிலிருந்து சென்றது.

1950-களில் காசநோயாளி என்றால் சானடோரியத்தில் சேர்ப்பதே முறை. ஓய்வு, சத்தான உணவு, நல்ல காற்று ஆகிய மூன்றும் இன்றியமையாதவை எனக் கருதப்பட்டன. ஆனால் நாட்டிலிருந்த நோயாளிகளின் தொகைக்கு முன் படுக்கைகளின் எண்ணிக்கை மிகவும் சொற்பம். இந்நிலையில் 1956-ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்து மருத்துவ மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து அமைத்த மையம் அது. பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமை ஏற்றார். இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயருடன் சேத்துப்பட்டில் இயங்குவது அந்த மையமே.

நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மறு பிரிவினர் தம் வீட்டிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகள். வீட்டில் இருந்தவர்களுக்கு உணவு குறைவு, ஓய்வு குறைவு, இட நெருக்கடி மிகுதி. ஆயினும் ஆண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதும் நிலை அவ்வாறே இருந்தது. வீட்டில் வைத்து மருத்துவம் செய்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை என்பதும் தெரிந்தது. காசநோயாளி குடும்பத்தைப் பிரிந்து போக வேண்டியதில்லை என்ற கொள்கை உலகெங்கும் பரவ இது வழிவகுத்தது.

அதே ஆய்வு இன்னோர் உண்மையையும் வெளிக்கொணர்ந்தது. வீட்டில் மாத்திரையைக் கையில் தந்து நிற்கச் செவிலியர் இல்லை. ஆய்வு மையத்தினர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா என அறிந்தனர். ஒழுங்காக உண்ணாதவர் சிலர் அல்லர் என்பது புலனாயிற்று. அவர்கள் அறியாமையால் விட்டவர்களும் அல்லர். மருந்தின் தேவையை நன்கு எடுத்துரைத்த பிறகும் அவ்வாறே நிகழ்ந்தது.

அதன்பின் ஆய்வாளர்கள் செய்தது கவனிக்கத்தக்கது. மனவுறுதி வேண்டும் என்று நோயாளிகளுக்கு மேலும் உபதேசம் செய்வதோடு அவர்கள் நிற்கவில்லை. வாரம் இருமுறை மையத்திற்கு வந்து, ஒருவர் முன்னிலையில் மருந்தை ஏற்கும் முறையை வகுத்துச் சோதித்தனர். அது நன்கு பயனளித்தது. பிற்காலத்தில் உலக நாடுகள் பலவும் மேற்கொண்ட நேரடிக் கண்காணிப்பு மருத்துவ முறைக்கு வித்திட்ட சோதனைகளுள் அதுவும் ஒன்று. மறதியும் சலிப்பும் மனித இயல்பு என ஏற்றுக்கொண்டு, அவற்றைத் தாங்கி நிற்கும் ஏற்பாட்டை அவர்கள் அமைத்தனர். நம் வீட்டிலும் நாம் செய்ய வேண்டியது அதுவே.

மனவுறுதி மட்டும் போதாதா?

நீண்ட நாள் நோய்களுக்கான மருத்துவத்தை, வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி கடைப்பிடிக்கிறார்கள் என உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கல்வியும் வசதியும் மிக்க நாடுகளிலேயே நிலை இதுவாயின், குறை ஓரிருவரின் குணத்தில் இல்லை என்பது தெளிவு.

விடாமுயற்சி என்றவுடன் பல்லைக் கடித்துக்கொண்டு போராடும் ஒருவரின் உருவம் நம் மனத்தில் எழுகிறது. அத்தகைய உறுதி ஒரு நாளைக்கு உதவும். ஒரு வாரத்திற்கும் உதவலாம். 180 நாள்களுக்கு அதனை நம்பியிருக்க முடியாது. உறக்கமில்லாத இரவுக்குப் பின்னும், வீட்டில் சண்டை நடந்த நாளிலும், கூலி கிடைக்காத வாரத்திலும் அந்த உறுதி தளரும். அந்நாள்களிலும் கை தானாக மாத்திரை டப்பாவை நாட வேண்டுமாயின், செயல் பழக்கமாகியிருக்க வேண்டும். பல் துலக்குவதற்கு நாம் மனவுறுதியைத் தேடுவதில்லை. மருந்தும் அந்நிலைக்கு வர வேண்டும்.

பழக்கமாவதற்கு எத்தனை நாள்?

21 நாள் ஒரு செயலைச் செய்தால் அது பழக்கமாகிவிடும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதன் தோற்றம் ஒரு மருத்துவரின் அறையில் இருக்கிறது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்னும் அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், முக அறுவைக்குப் பின் புதிய முகம் தமக்கு இயல்பானதாகத் தோன்ற நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆவதைக் கண்டு, 1960-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். நாளடைவில் 'குறைந்தது' என்ற சொல் கைவிடப்பட்டது. கண்ணாடியில் முகம் பழகுவதைப் பற்றிய கூற்று எல்லாப் பழக்கங்களுக்கும் உரிய விதியாகிவிட்டது.

இதனை முறையாக ஆராய்ந்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடன் பணியாற்றியோரும். அவர்களுடைய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. 96 பேர் தத்தமக்கென ஒரு புதிய செயலைத் தேர்ந்துகொண்டு 12 வாரங்கள் செய்துவந்தனர். மதிய உணவுடன் ஒரு பழம் உண்பது, தண்ணீர் குடிப்பது, இரவு உணவுக்கு முன் 15 நிமிடம் ஓடுவது போன்ற எளிய செயல்கள் அவை. ஒரு செயல் யோசியாமலே நிகழும் நிலையை அடைய நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. மிக விரைவில் பழகியவருக்கு 18 நாள். மிக மெதுவாகப் பழகுபவருக்கு 254 நாள் ஆகும் எனக் கணக்கிடப்பட்டது. தண்ணீர் குடிப்பது போன்றவை விரைவில் படிந்தன. உடற்பயிற்சிக்குக் கூடுதல் காலம் பிடித்தது.

இந்த 66 நாளைக் காசநோய் மருத்துவத்தின் காலத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். நோயின் துன்பம் நம்மைத் தானாகவே மருந்தின் பக்கம் செலுத்தும் காலம் ஏறத்தாழ முதல் இரண்டு மாதம். பழக்கம் வேரூன்றுவதற்கும் ஏறத்தாழ அதே காலம் வேண்டும். ஆகவே, இருமலும் காய்ச்சலும் நினைவூட்டிக்கொண்டிருக்கும்போதே, அவற்றின் துணையின்றியும் நிற்கக்கூடிய ஒரு பழக்கத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு மாதங்களில் எந்த நேரத்திலேனும் விழுங்கினால் போதும் என்று இருந்துவிட்டவருக்கு, துன்பம் நீங்கிய மூன்றாம் மாதத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இராது. அறுவை முடிந்து வீடு திரும்பியவருக்கும், மாரடைப்பிலிருந்து மீண்டவருக்கும் இது பொருந்தும். அச்சமும் வலியும் புதிதாக இருக்கும் முதல் வாரங்கள், பழக்கத்தை விதைப்பதற்கு உகந்த காலம்.

எப்போது, எங்கே, எதன் பின்

"இனி நாள் தவறாமல் உண்பேன்" என்பது நல்லெண்ணம். ஆனால் அதில் நேரமும் இல்லை, இடமும் இல்லை. "காலையில் பல் துலக்கி முடித்ததும், அடுக்களை மேடையிலுள்ள டப்பாவிலிருந்து இன்றைய மாத்திரைகளை எடுத்து விழுங்குவேன்" என்பது திட்டம். நாள்தோறும் எப்படியும் நிகழும் ஒரு செயலுடன் புதிய செயலை முடிச்சிட்டுவிடுவதே இதன் நுட்பம். இத்தகைய திட்டங்களை விரிவாக ஆராய்ந்தவர் பீட்டர் கோல்விட்சர் என்னும் உளவியலாளர். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்விலும், எந்தச் செயலை எப்போது, எங்கே செய்வோம் என முன்கூட்டியே வகுத்துக்கொண்டவர்கள் அன்றாடச் செயல்கள் பலவற்றை மற்றவர்களைவிட விரைவில் தொடங்கினார்கள்.

எந்தச் செயலுடன் முடிச்சிடுவது என்பதை மருந்தே முடிவு செய்யும். வெறும் வயிற்றில் உண்ண வேண்டிய மாத்திரையைப் பல் துலக்குவதோடும், உணவுக்குப் பின் உண்ண வேண்டியதைக் கை கழுவுவதோடும், இரவு மாத்திரையைக் கதவைத் தாழிடுவதோடும் இணைக்கலாம். உங்கள் மாத்திரை எந்த வகை என்பதை மருந்தாளுநரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் வீடுகளில் இதற்கெனவே செய்தது போன்ற ஒரு பொருள் சுவரில் தொங்குகிறது. நாள்காட்டியில் ஒவ்வொரு நாளும் ஒரு தாளைக் கிழிக்கிறோம். மாத்திரையை விழுங்கிய பின்னரே அன்றைய தாளைக் கிழிப்பது என வைத்துக்கொள்ளுங்கள். கிழிக்கப்படாத தாள் கூடத்தில் நடமாடும் அனைவர் கண்ணிலும் படும். கிழித்தோமா என்பதில் ஐயமும் எழாது, "இன்று உண்டேனா, அது நேற்றா?" என்ற குழப்பமும் தீரும். இரு வேளை மருந்து உண்பவர்கள் வாரத்தின் ஏழு நாளுக்கும் அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டியை மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

உடற்பயிற்சிக்கு இன்னொரு நெறி உதவும். மிகச் சோர்ந்த நாளிலும் செய்யக்கூடிய குறைந்த அளவு ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். பக்கவாதத்திலிருந்து மீள்பவர் காலைத் தண்ணீர்க் குவளையைப் பாதிக்கப்பட்ட கையால் பற்றுவது அந்த அளவாக இருக்கலாம். நடைப்பயிற்சி செய்பவருக்கு வாசலிலிருந்து தெருமுனை வரை சென்று திரும்புவதாக இருக்கலாம். உடல் இடங்கொடுக்கும் நாளில் மருத்துவர் சொன்ன முழு அளவையும் செய்யுங்கள். இயலாத நாளில் அந்தச் சிறிய அளவையாவது விடாதீர்கள். அன்று தசைக்குக் கிடைக்கும் பயன் சிறிது. ஆனால் பழக்கத்தின் இழை அறுபடாமல் இருக்கும்.

வழக்கம் குலையும் நாள்களையும் முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும். ஊர்த் திருவிழா, உறவினர் திருமணம், வெளியூர் வேலை, இரவுப் பணி ஆகியவற்றில்தான் மருந்து பெரிதும் தவறுகிறது. கைப்பையில் மூன்று நாளைக்கான மாத்திரை எப்போதும் இருக்கட்டும். நோன்பு, விரதம் இருப்பவர்கள் அதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் சொன்னால், மருந்து நேரத்தைப் பாதுகாப்பாக மாற்ற இயலுமா என்பதை அவர் கூறுவார்.

ஒரு நாள் தவறினால்

எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் என்றேனும் ஒருநாள் தவறும். லண்டன் ஆய்வில் கண்டறிந்த ஒன்று இங்கே ஆறுதல் தருவது: இடையில் ஒரு முறை தவறவிட்டதால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை. ஒரு நாள் தவறியது என்பதற்காக எல்லாம் வீணாயிற்று என்று எண்ணி மொத்தத்தையும் கைவிடுவதே உண்மையான இழப்பு. ஒரு நாள் தவறினால், மறுநாளைத் தவறவிடாமல் காப்பதில் கருத்தைச் செலுத்துங்கள்.

மருந்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. தவறியது அன்றே நினைவுக்கு வந்தால் பெரும்பாலான மாத்திரைகளை அப்போது உண்ணலாம். மறுநாள் நினைவுக்கு வந்தால் இரண்டு நாள் மாத்திரையைச் சேர்த்து உண்ணக் கூடாது. இன்சுலின், இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து, வலிப்பு மருந்து ஆகியவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. அவற்றை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தவறிய நாள்களை மறைப்பது நோயாளிக்கே தீங்காக முடியும். இரத்த அழுத்தம் குறையவில்லை என்று கண்ட மருத்துவர், மருந்து முறையாக உண்ணப்பட்டது என நம்பினால் அளவைக் கூட்டிவிடுவார். பின்னர் ஒழுங்காக உண்ணத் தொடங்கும்போது அந்தக் கூடுதல் அளவால் தலைசுற்றலும் மயக்கமும் வரலாம். "இந்த மாதம் ஐந்து நாள் உண்ணவில்லை" என்ற ஒரு வாக்கியம் அதனைத் தவிர்க்கும். அவ்வாறு சொல்பவரைக் கடிந்துகொள்ளாதிருப்பது எங்கள் கடமை.

விடுவதற்கான காரணத்தையும் சொல்லுங்கள். ரிஃபாம்பிசின் உண்பவர்களுக்குச் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகும். இதனை இரத்தம் என்றஞ்சி மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு, அது தீங்கற்றது. ஐசோனியசிட் உண்பவர்களுக்குப் பாதங்களில் எரிச்சல் தோன்றினால் அதற்கு வைட்டமின் மாத்திரை இருக்கிறது. மாறாக, கண்கள் மஞ்சளாவது, ஓயாத வாந்தி, பார்வை மங்குவது ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். பணமும் தொலைவும் தடையாயின், அதற்கும் வழிகள் உண்டு. காசநோய் மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஊட்டச்சத்துக்கென மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கிவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகள் வீட்டிற்கே கொண்டுவந்து தரப்படுகின்றன.

உடனிருப்போர் செய்யத்தக்கவை

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கிறது: நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து அதனைத் தருபவர். நோயாளியின் அருகில் இருப்பவரை மருத்துவருக்கும் மருந்துக்கும் இணையாக வைத்து எண்ணிய பார்வை அது.

ஆயினும் உடனிருப்பது வேறு, காவல் காப்பது வேறு. "மாத்திரை போட்டாச்சா?" என்று ஒரு நாளில் ஆறு முறை கேட்டால் அக்கறையும் குற்றச்சாட்டாகவே ஒலிக்கும். பெரியவர்கள் அதனைத் தங்கள் மதிப்புக்கு நேர்ந்த குறையாகக் கருதி, வேண்டுமென்றே மறுப்பதும் உண்டு. மாத்திரைப் பெட்டி நோயாளியின் பொறுப்பிலேயே இருக்கட்டும். வாரம் ஒரு முறை, அவரும் நீங்களுமாக அமர்ந்து அதனை நிரப்புங்கள். மறந்திருப்பார் எனத் தோன்றினால், "அப்பா, நாள்காட்டி இன்னும் கிழிக்கலையா?" என்று கேட்பது போதும். நினைவூட்டும் வேலையைச் சுவரில் தொங்கும் தாள் ஏற்றுக்கொள்கிறது. தந்தைக்கும் மகளுக்கும் இடையே மனக்கசப்பு நேராது.

உணவு மாற்றத்தில் இது இன்னும் தேவை. நீரிழிவு உள்ளவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அது நீடிப்பதில்லை. வீட்டில் அனைவருக்கும் உப்பும் இனிப்பும் சோறும் சற்றுக் குறைந்து, காய்கறியும் கீரையும் பருப்பும் கூடினால், அவர் தனித்து நிற்க நேராது.

உடனிருப்பவருக்கும் ஓய்வு வேண்டும். மாதக்கணக்கில் ஒருவரே இரவும் பகலும் கவனித்துக்கொண்டால், அவர் உடலும் மனமும் நலிவது உறுதி. வாரத்தில் ஒரு மாலையேனும் அண்ணனோ, மருமகளோ, பக்கத்து வீட்டு அக்காவோ பொறுப்பேற்கும்படி முறை வைத்துக்கொள்ளுங்கள். அதனைக் கேட்பதில் வெட்கத்திற்கு இடமில்லை.

தெரியாத பயனைத் தெரியச் செய்தல்

துன்பம் மறைந்த பிறகு நம்மை நடத்திச் செல்ல வேறோர் அடையாளம் வேண்டும். அளவீடுகள் அந்த வேலையைச் செய்யும். காசநோயாளி மாதந்தோறும் எடையை ஒரு தாளில் குறித்து வரலாம்; இரண்டாம் மாத முடிவில் எடுக்கும் சளிப் பரிசோதனையின் முடிவை அருகில் எழுதி வைக்கலாம். இரத்த அழுத்தம் உள்ளவர் அளவைத் தேதியுடன் குறிக்கலாம். நீரிழிவு உள்ளவருக்கு எச்பிஏ1சி என்னும் சோதனை, கடந்த ஏறத்தாழ மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை நிலையைக் காட்டும். சோதனைக்கு முந்தைய இரண்டு நாள் பட்டினி கிடந்து அதனை ஏமாற்ற முடியாது. அது காட்டுவது தொண்ணூறு நாள் உழைப்பின் கணக்கு. அந்த எண் ஒரு புள்ளி குறைந்தாலும், கண்ணுக்குத் தெரியாதிருந்த பயன் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆறு மாதம் என்று எண்ணினால் மலைப்பாக இருக்கும். ஆகவே, அதனை அடுத்த பரிசோதனை வரை எனச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு தங்குமிடம். அங்கே சற்று நின்று, வந்த தொலைவைப் பார்த்துவிட்டு, அடுத்ததை நோக்கி நடக்கலாம்.

காசநோய் மருந்துக்குக் கடைசி நாள் ஒன்று உண்டு. அதை மருத்துவரே அறிவிப்பார். அதற்குப் பின்னும் இரண்டாண்டுகள் வரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை வந்து காட்டிக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் பெரும்பாலும் அத்தகைய கடைசி நாள் இல்லை. ஆனால் பழக்கமாகிவிட்ட ஒன்றுக்குக் கடைசி நாள் வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் இல்லை.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது மூன்றைக் கொண்டுவாருங்கள்: மருத்துவ அட்டை, எஞ்சிய மாத்திரை அட்டைகள், தவறிய நாள்களின் உண்மைக் கணக்கு. முதல் இரண்டையும் மறந்துவிட்டால் எங்களால் சமாளிக்க முடியும். மூன்றாவதை உங்களைத் தவிர வேறு யாராலும் தர இயலாது.